வெளிச்சவீடு தாண்டினால் எந்தப் பக்கம்

செத்துப்போனவனின் குரலை அழிப்பது, அவனை இன்னொரு தரம் கொல்வது மாதிரித்தானே?

சிவாஜினி இதை முதலாளி ஸ்ரீஸ்கந்தராசாவிடம் கேட்கவில்லை. பாரிஸில் ரூ லூயி-பிளாங்க் தெருவில் இருக்கும் அவருடைய பயண முகவர் நிலையத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவள் எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை. வீட்டிலும் அப்படித்தான். மாட்டேன் என்ற சொல் அவள் தொண்டை வரை வந்து திரும்பிப் போய்விடும். ஓம் அண்ணை என்று கைபேசியோடு பின்னறைக்குப் போனாள்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலிலிருந்து வேல்ஸ் கடற்கரைக்குக் காரோட்டிப் போகும் சனம் ஜிபிஎஸ் பெண்ணை நம்புவதில்லை. நிலையத்தின் சாரதி டெனிஸ்டனின் குரலைத்தான் நம்பியது. திருப்பத்துக்குத் திருப்பம் அவன் ஒரு குரல்பதிவு வைத்திருந்தான். ஃபிஷ்கார்ட் துறைமுகம் தாண்டினால் ஒழுங்கை ஒடுங்கும், டிரக்டர் வந்தால் வெட்கப்படாமல் பின்னால் எடு. வெளிச்சவீட்டடியில் இறங்கிக் கீழே பார், பாறையில் கடல்நாய் படுத்திருக்கும். அங்கே கடை கிடையாது, தேத்தண்ணியைக் கையோடு கொண்டு போ.

போன இலையுதிர் காலத்தில், அதே வெளிச்சவீட்டடியில் கடல் பார்த்துவிட்டு அவன் வண்டியை எடுத்தான். யாழ்ப்பாணத்தில் இடப்பக்கம் ஓடியவன், பாரிஸில் வலப்பக்கத்துக்குப் பழகியவன், வேல்ஸில் மறுபடி இடப்பக்கம். ஒழுங்கை வெறுமையாகக் கிடந்தது. கை தன்பாட்டில் வலப்பக்கம் பிடித்தது. வளைவில் பால் லொறி வந்தது. ஸ்டீரிங் நெஞ்சுக்குள் இறங்கி முதுகெலும்பில் நின்றதாம்.

செத்தவன் வழி சொன்னால் பிள்ளைகள் அழுகிறார்கள் என்று முறைப்பாடு வந்தது. அவன் பதிவுகளை அழித்துவிட்டு இனிச் சிவாஜினியின் குரலைப் போடவேண்டும் என்றார் முதலாளி. அதுவும் இன்றைக்கே. அவளுடைய தங்கை கோசலை, கணவன் ஐங்கரனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இப்போது அந்த ஒழுங்கையில்தான் போய்க்கொண்டிருந்தாள். ஐங்கரன் அந்த நாட்டில் கார் ஓடுவது இதுதான் முதல் தடவை.

முதல் பதிவுகள் நல்லபடி போய்ச் சேர்ந்தன. கடைசிப் பதிவில், வெளிச்சவீட்டடியிலிருந்து வெளிக்கிடும்போது இடக்கைப் பக்கம் பிடிக்கச் சொன்னாள். அனுப்புமுன் ஒருதரம் போட்டுக் கேட்டாள்.

காற்றின் இரைச்சல். பிறகு டெனிஸ்டன்.

"வலக்கைப் பக்கம் பிடியுங்கோ."

அழித்தாள். வாயை நன்றாகத் திறந்து மறுபடி சொன்னாள். கேட்டாள். இந்த முறையும் வலக்கைதான்.

சொன்னது அவளுடைய சொந்தக் குரல்.

ஜன்னலில்லாத அறையில் டீசலும் உப்பும் மணத்தன. தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காக ஏதோ இறுகியது. கார் பெல்ட்டின் அகலம். கண்ணுக்கு ஒரு பெல்ட்டும் தெரியவில்லை. எழும்பப் பார்த்தாள்.

தலை மேசையில் மோதியது.

மூக்கெலும்பு முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது. மேசையில் கிடந்த சுற்றுலாப் படங்களின் நீலக் கடல்மேல் இரத்தம் கொட்டியது. தலைமயிரிலிருந்து கண்ணாடிச் சில்லுகள் உதிர்ந்தன, காரின் முன்கண்ணாடி உடைந்தால் உதிருமே, அந்த மாதிரி. இரண்டு கைகளையும் ஏதோ மேசையோடு வைத்து அழுத்த, சில்லுகள் உள்ளங்கைக்குள் ஏறின.

பிடரியில் மூச்சுப் பட்டது.

"அந்த வளைவிலை தனிய நிக்கிறன், தங்கச்சி. ஒருக்காச் சொல்லிவிடு."

கைபேசி அடித்தது. யாரும் தொடாமலே திறந்துகொண்டது.

"அக்கா, வெளிச்சவீட்டடியிலை நிக்கிறம்," என்றாள் கோசலை. "கடல்நாயை விட்டிட்டு வரமாட்டனெண்டு சின்னவன் ஒரே அடம். தகப்பனைப் போலை. உன்ரை அடுத்த பதிவு இன்னும் வரேல்லை. இவர் காரை ஸ்டார்ட் பண்ணிட்டார். எந்தப் பக்கம் பிடிக்கிறது?"

இடக்கை. அந்தச் சொல்லை மனதுக்குள் இறுகப் பிடித்துக்கொண்டுதான் சிவாஜினி வாயைத் திறந்தாள். நாக்கோ வேறு சொல்லுக்கு வளைந்தது.

நாக்கைக் கடித்தாள். வாய் நிறைய இரத்தம்.

பெல்ட் இன்னும் இறுகியது. விலா எலும்பொன்று சட்டென்று முறிந்தது. நான் எதைச் சொன்னாலும் இவன் அதை மாற்றுவான் என்று நினைத்தாள். பிறந்ததிலிருந்து அடுத்தவர் கேட்டதைச் சொல்லியே பழகிய வாய் இது. இவனுக்கு அது வசதியாகப் போயிற்று.

"சொல்லன், அக்கா."

"சொல்லு," என்றது பிடரி.

"சொல்லமாட்டன்," என்றாள் சிவாஜினி.

அக்காவின் வாயிலிருந்து அப்படியொரு சொல்லைக் கோசலை ஆயுளில் கேட்டதில்லை.

"காரை நிப்பாட்டு. எல்லாரும் இறங்கித் தள்ளி நில்லுங்கோ," என்றாள் சிவாஜினி.

கோசலை கணவனை அதட்டுவது கேட்டது. எஞ்சின் அடங்கியது. கதவுகள் திறந்தன. சின்னவன் சிணுங்கினான்.

பிறகு, வளைவில் ஒரு லொறியின் நீண்ட ஹோர்ன். அது உறுமிக்கொண்டு ஒழுங்கையால் கடந்து போனது.

பெல்ட் தளர்ந்தது. கோசலை அழுதுகொண்டே போனை வைத்தாள்.

சிவாஜினி கைகளைப் பிய்த்தெடுத்தாள். இரத்தத்துக்குள் கிடந்த கைபேசியில் பதிவின் சிவப்புப் புள்ளி மினுங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை அழுத்தியிருக்கவில்லை. நிறுத்தினாள். அது நிற்கவில்லை. காற்றிரைச்சலுக்கு நடுவே அவளுடைய குரலே அவளிடம் பொறுமையாகக் கேட்டது.

"சரி. அடுத்து வாற காருக்குச் சொல்லுவியே?"

வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"மாட்டன்," என்றாள், மெதுவாக.