ஆறாம் நாள் எழுத்து

அந்த ஒரு கேஸ் ஷீட்டின் கீழ் மூலை மட்டும் ஈரமாக இருந்தது.

மற்ற நூற்றுப் பதினொன்றும் முறுக்கென்று காய்ந்து, தூசியும் பூச்சிமருந்தும் மணக்க மேசைமேல் கிடந்தன. ரெக்கார்டு அறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது, கூரையும் ஒழுகவில்லை, வெளியே மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. டாக்டர் விரலைக் கைக்குட்டையில் துடைத்து, அதைப் பார்க்காமலே பைக்குள் திணித்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

வேலை என்னவோ எளிதுதான். கணைய அறுவை செய்துகொண்டவர்களில் யாருக்கு அப்புறம் ரத்தம் கசிந்தது, எப்போது, எவ்வளவு என்று பார்த்து, ஆராய்ச்சிப் பட்டியலில் ஆளுக்கொரு எழுத்துப் போட வேண்டும். முதல் நாளுக்குள் கொஞ்சமாகக் கசிந்து அடங்கினால் ‘ஏ’. முதல் நாள் தாண்டிவிட்டால் கொஞ்சம் கசிந்தாலும் ‘பி’. உடனே ஸ்கேன் எடுத்தாக வேண்டும், ஏனென்றால் ரத்தக்குழாய் உடைவதற்கு அந்தக் கசிவே முன்னறிவிப்பாக இருக்கலாம். முதல் நாளுக்குப் பிறகு பெருக்கெடுத்து உயிருக்கே உலை வைத்தால் ‘சி’. மாணவர்களுக்கு இவரே கரைத்துப் புகட்டும் பாடம் இது.

ஈரமானது ஒரு பஸ் கண்டக்டரின் கேஸ் ஷீட். அப்போது, அறுவை முடிந்த ஆறாம் நாள் காலையில், வயிற்றிலிருந்து வந்த குழாயைத் தூக்கிக் காட்டி அவர் கேட்டார்: “டாக்டர், இதுல சிவப்பா வருதே, பரவாயில்லையா?”

“லேசாதான் இருக்கு. பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு, டாக்டர் ‘ஏ’ என்று எழுதினார். தெரியாமல் இல்லை, தெரிந்தேதான். ‘பி’ என்றால் ஸ்கேன், ஆயிரம் கேள்வி, வெளியூர் போயிருந்த பெரிய டாக்டரின் வசவு. மத்தியானமே ரத்தக்குழாய் உடைந்து கட்டில் நனைந்தது. மரணக் குறிப்பில் ‘மாரடைப்பு’ என்று போட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். கண்டக்டரின் மனைவியோ இவர் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சீங்க சார்” என்று நன்றி சொன்னாள். அந்த நன்றியை நினைத்தாலே காது மடல்வரை அவமானம் சுட்டது.

இப்போது திருத்தலாம். ‘சி’ என்று ஒரே எழுத்து. விசாரணை வரும், அந்த அம்மாவுக்கும் உண்மை போகும். அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

பட்டியலில் மறுபடியும் ‘ஏ’ என்றே எழுதினார்.

சொட்.

மின்விசிறி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகலுக்கு அடியில், மேசை விளிம்பில் எங்கிருந்தோ, அவசரமே இல்லாமல் அந்தச் சத்தம் விழுந்தது, நின்றது, விழுந்தது. துருப்பிடித்த இரும்பை நாக்கில் வைத்ததுபோல ஒரு வாடை தொண்டையில் இறங்கியது. கேஸ் ஷீட்டைத் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி.

சொட். சொட்.

ஆறாம் நாள் பக்கத்தில் அவருடைய ‘ஏ’ ஊறிப் பெருத்தது. அதன் காலிடுக்கிலிருந்து ஒரு கோடு கீழே ஓடியது. கைக்குட்டையால் அழுத்தினார். நிற்கவில்லை. பக்கத்துக் கேஸ் ஷீட்டும் நனைந்தது. அதற்கடுத்ததும். அலமாரித் தட்டுகளிலிருந்து ஒழுகியது. தரை சிவந்தது.

கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம்.

“டாக்டர், உள்ள ஏதாச்சும் கொட்டிடுச்சா? சளசளன்னு சத்தம் கேக்குதே.” ரெக்கார்டு அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. “வந்து துடைக்கட்டுமா?”

ஒரு வார்த்தை போதும். வாங்கக்கா, பாருங்க, நான்தான் செஞ்சேன். வாய் திறந்தது. அவமானம் முந்திக்கொண்டது.

“ஒண்ணுமில்லக்கா. நான் பாத்துக்கறேன்.”

“சரி, அப்ப நான் சாப்பிட்டு வந்துடறேன்.”

தாழ்ப்பாளைப் போட்டார். கதவின் அடியிடுக்கு வழியே சிவப்பு வெளியேறப் பார்த்தது. வெள்ளைக் கோட்டைக் கழற்றினார். சுருட்டினார். இடுக்கில் அடைத்தார். கணுக்கால். முழங்கால். சூடு. மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் கோட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வெளியே ஒரு சொட்டுகூடப் போகவில்லை. உள்ளே அது அவர் மார்பைத் தாண்டி, கழுத்தைத் தொட்டு, மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.