பட்டி பூசிய இடம்

ஸுல்பிகா கராஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. ஓர்ஸ் ஹில் இறக்கத்தில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற தகரக் கொட்டில் அது. சேற்று வாடையும் தின்னர் வாடையும் கலந்து தொண்டையைப் பிடித்தன.

நடுவில் வான் நின்றது. கீழே நீலம், மேலே வெள்ளை. பளபளப்பில் அவள் முகம் தெரிந்தது.

பழைய ஜெர்மன் வான். உருண்டை முகம், பின்னால் எஞ்சின், எஞ்சினுக்கு மேலே படுக்க ஒரு மெத்தை. அவள் கணவன் தாஹிர் நீர்கொழும்பில் வாங்கி வந்தது. விற்றவன் விலை பேசக்கூட நிற்கவில்லை. சீசன் தொடங்கியதும் நிலாவெளிக்கு வரும் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடலாம் என்பது தாஹிரின் கணக்கு. அதற்காக மீன்பிடி வள்ளத்தை விற்றிருந்தான். வள்ளத்தின் மிச்சமாக அவனிடம் இருந்தது வலது பெருவிரல் நகம் மட்டும்தான். நங்கூரக் கயிற்றில் நசுங்கி, நடுவே பிளந்து, இரண்டாகவே வளர்ந்த நகம்.

ஸுல்பிகா வானைச் சுற்றி வந்தாள். பின்பக்கம், உள்ளே தலையணை வரும் இடத்துக்கு நேரே, பெயின்ற் ஒரு கொப்புளம்போல் எழும்பியிருந்தது.

டிங்கர் வேலை செய்த ஸப்வான் எட்டிப் பார்த்தான். மாரிக் காற்று என்றான். பள்ளம் நிரப்பும் பட்டிப் பசையை ஈரத்தில் பூசினால் அப்படித்தான், வெயில் வந்தால் அமுங்கிவிடும் என்றான்.

துருவை வெட்டி எடுத்தீர்களா என்று கேட்டாள்.

“துருவ முழுக்க வெட்டினா வான் மிஞ்சாது ராத்தா. ஹோர்ன மட்டும்தான் கையில கொண்டு போவீங்க.”

பக்கத்தில் நின்ற தாஹிர் சிரித்தான். மெத்தைக்குக் கீழே எஞ்சினுக்கு மேலான தகடும் அரித்திருக்கிறது, புதுத் தகடு வெட்டி ஒட்டினால் நல்லது என்று ஸப்வான் முன்பே சொல்லியிருந்தான். மெத்தைக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள் என்று தாஹிர்தான் தடுத்தான். அங்கேயும் பட்டி பூசி, மேலே கம்பளம் விரித்தாயிற்று.

அவர்கள் ஜமாலியாவில் உள்ள வீட்டுக்கு வானை ஓட்டி வந்தார்கள். மகள் சனூஸாவுக்கு எட்டு வயது. அன்று முழுக்க அவள் அந்த மெத்தையை விட்டு இறங்கவில்லை.

அடுத்த நாள் காலையில் தலையணை மேல் வெள்ளைத் தூள் கிடந்தது.

கொப்புளம் இருந்த இடத்தில் விரல் நுழையும் அளவு ஓட்டை. பட்டி உட்பக்கமிருந்து சுரண்டப்பட்டிருந்தது. ஓட்டையின் விளிம்பில் மெல்லிய கீறல்கள், அருகருகே. ஸுல்பிகா மகளின் கையை இழுத்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை வெட்டிவிட்ட நகங்கள். துப்புரவாக இருந்தன.

எலி என்றான் தாஹிர்.

ஸப்வான் ஓட்டைக்குள் சீமெந்துப் பைக் கடதாசியைத் திணித்து, மேலே மறுபடி பட்டி பூசி, சேண்ட்பேப்பர் போட்டுத் தேய்த்துக் கொடுத்தான். இரண்டு நாளில் கடதாசி சுக்கல் சுக்கலாக மெத்தையில் கிடந்தது.

“உங்கட வானுக்கு மூச்சு முட்டுது போல,” என்றான் ஸப்வான், திரும்பவும் கொண்டு போனபோது. இந்த முறை ஃபைபர் வலையும் பசையும் வைத்து இறுக்கினான்.

மழை ஓய்ந்த ஒரு பிற்பகல். ஸுல்பிகா வானுக்குள் கூட்டிக்கொண்டிருந்தாள். கதவு காற்றில் சாத்திக்கொண்டது.

சர்.

கையை நிறுத்தினாள். தகரம் சூடு ஆறும்போது சத்தம் போடும். ஆனால் அன்று வெயிலே இல்லை.

சர். சர்.

தலையணைப் பக்கத்திலிருந்து வந்தது. அவள் குனிந்து காதை வைத்தாள். தகரம் குளிர்ந்து, கசிந்து, உதட்டில் பட்டபோது உப்புக் கரித்தது.

“யாரு?” என்றாள், குரல் எழாமல்.

அவள் காதுக்கு அருகிலேயே ஒருவர் மூச்சை இழுத்தார். வேகமாக, வாயால். இழுத்த மூச்சு வெளியே வரவில்லை.

வலையும் பிய்ந்திருப்பதை அப்போதுதான் கண்டாள்.

அன்று மாலை தாஹிரிடம் சொன்னாள். அவன் பிளேன்ரீயை வைத்துவிட்டு அவளையே பார்த்தான். “கடல்ல இத்தின வருசம் தொழில் செஞ்சனான். அங்க காணாத பேயத் தகரத்துலயா காணப்போறன்?”

மகளை மட்டும் அதற்குள் படுக்கவிடாதீர்கள் என்றாள். அவன் ஓம் என்றான்.

ஸப்வான் இந்தத் தடவை பட்டியோடு விடவில்லை. உள்ளும் புறமும் தகடு வைத்து, ரிவிட் அடித்து, அதன் மேல் பூசினான். இனிப் பேயே வந்தாலும் உடைக்க ஏலாது என்று சொல்லிச் சுத்தியலைக் கீழே வைத்தான்.

உண்மைதான். அதற்குப் பிறகு தூள் விழவில்லை. சத்தமும் இல்லை.

அடுத்த ஞாயிறு குச்சவெளியில் மாமிக்குச் சுகமில்லை என்று தகவல் வந்தது. விடாத மழை. மோட்டார் சைக்கிளில் போக முடியாது. வானில் போனார்கள். வழியிலேயே சனூஸா பின்னால் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டாள். ஸுல்பிகா தாஹிரைப் பார்த்தாள். பகல்தானே என்றான் அவன்.

மாமி வீட்டு ஒழுங்கை சேறாகிக் கிடந்தது. வான் இறங்காது. களப்பு ஓரமாகத் தார் ரோட்டிலேயே நிறுத்தினான்.

“நீ போய்ப் பாரு. புள்ள எழும்பினா கூட்டிக்கொண்டு வாறன்.”

புதிதாகப் பூட்டிய ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, அவனும் மகளுக்குப் பக்கத்தில் சாய்ந்தான்.

மாமி கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தேத்தண்ணி வந்தது. பழைய கதைகள் வந்தன. ஸுல்பிகா குடையை விரித்துக்கொண்டு திரும்பியபோது மழை தூறலாகியிருந்தது. களப்பில் ஒரு பறவைகூட இல்லை.

எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடிகள் உள்ளே வெள்ளையாகப் புகைந்திருந்தன. தட்டினாள். கதவு உள்ளே பூட்டியிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

யாரும் அசையவில்லை.

அப்போது, தலையணைப் பக்கத்தில், நீல பெயின்ற் வெளியே உப்பியது.

அமுங்கியது. மறுபடி உப்பியது.

உள்ளே யாரோ உதைக்கிறார்கள். இல்லை, சுரண்டுகிறார்கள். முழுப் பலத்தோடு, வெறி பிடித்ததுபோல். பெயின்ற் வெடித்தது. பட்டி கட்டியாக உதிர்ந்தது. ஒரு ரிவிட் தெறித்துச் சேற்றில் விழுந்தது.

தகட்டின் மூலை மடிந்தது. சூடான காற்று அவள் முகத்தில் அடித்தது. எஞ்சின் புகை.

அந்த இடுக்கில் விரல்கள் வந்தன.

சிறிய விரல்கள். நகங்கள் இல்லை. நகம் இருந்த இடங்களில் வெள்ளைப் பட்டி அப்பியிருந்தது.

சனூஸாவின் விரல்கள் அல்ல.

அவை தகட்டைப் பற்றி வளைத்துவிட்டு, மெல்ல உள்ளே போய்விட்டன.

ஸுல்பிகா கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்தாள். சனூஸாவின் வாய் அந்த இடுக்கோடு ஒட்டிக் கிடந்தது. யாரோ முகத்தைத் திருப்பி அங்கே வைத்ததுபோல். அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

தாஹிர் மறுபக்கம் கிடந்தான். கன்னம் சிவந்து, நன்றாகத் தூங்குகிறவன்போல.

தாஹிரின் மையித்தை அடக்கிய பிறகு பொலிஸ் மெத்தையைத் தூக்கிப் பார்த்ததாக ஹஸ்மி வந்து சொன்னான். அவன் தாஹிரின் தம்பி. எஞ்சினுக்கு மேலே தகடே இல்லையாம். கடதாசியும் பட்டியும்தான் இருந்தனவாம். எஞ்சின் சூட்டில் பட்டி வெடித்துப் புகையெல்லாம் மேலே ஏறியிருக்கிறது.

கணவனை இழந்தவளாக நாலு மாதமும் பத்து நாளும் ஸுல்பிகா இத்தா இருந்தாள். அறையை விட்டு வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே யோசித்தாள். அந்த ஓட்டையை ஒவ்வொரு முறையும் யாரோ திறந்து தந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர்கள்தான் அடைத்தார்கள்.

வானை வெட்டிப்போடும்படி ஹஸ்மிக்குக் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள். பொலிஸ் விட்டதும் பழைய இரும்புக்குக் கொடுத்தாயிற்று, மதினி என்றான் அவன். போய்ப் பார்க்க அவளுக்கு வழியில்லை.

இத்தா முடிந்தது. சீசன் தொடங்கியிருந்தது. சனூஸாவின் நெஞ்சைக் காட்டிவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில், உப்புவெளிக் கடற்கரையில் ஸுல்பிகா ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

பச்சை நிற வான். புது பெயின்ற். ஆனால் அந்த உருண்டை முகம் அவளுக்குத் தெரியும்.

வானுக்கும் தென்னைக்கும் இடையே கயிறு கட்டி, சின்னப் பிள்ளையின் குளிக்கும் உடுப்பைக் காயப்போட்டிருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் கதிரையில் உட்கார்ந்து பப்பாசி வெட்டினாள். கண்ணாடிகள் ஏற்றிய வானின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது; பிள்ளையை வெளியே காணவில்லை.

எஞ்சினை நிறுத்து என்று ஸுல்பிகா கையைக் காட்டினாள். கண்ணாடியைக் காட்டினாள். தமிழில் சொன்னாள், தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். அந்தப் பெண் சிரித்து, ஒரு துண்டு பப்பாசியை நீட்டினாள்.

ஸுல்பிகா பின்பக்கம் போனாள். தலையணை வரும் இடத்தைத் தடவினாள். வழுவழுவென்று இருந்தது. இந்தத் தடவை நன்றாகத்தான் பூசியிருந்தார்கள்.

வீட்டுச் சாவியை எடுத்தாள்.

பச்சை கிழிந்தது. கீழே வெள்ளை உதிர்ந்தது. பின்னால் அந்தப் பெண் கத்தினாள். யாரோ ஓடி வந்தார்கள். ஸுல்பிகா சுரண்டினாள்.

“உம்மா,” என்றாள் சனூஸா, ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து. “உள்ளயும் சுரண்டுறாங்க.”

ஸுல்பிகா சாவியை நிறுத்தினாள்.

சத்தம் நிற்கவில்லை. சர். சர். சர். மெல்லியதாக, அவசரமாக. அதோடு சேர்ந்து இன்னொன்று. கனமாக, மெதுவாக.

அந்தப் பெண் வந்து அவள் கையைப் பிடித்தாள். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கும் கேட்டது.

சாவி கிழித்த இடத்தில், பட்டி உட்பக்கமிருந்து வெடித்து விலகியது. ஒரு பெருவிரல் நகம் அதில் கீறிக்கொண்டு போனது.

ஒரே இழுப்பில் இரண்டு கோடுகள் விழுந்தன, ஒன்றோடொன்று ஒட்டியபடி.