பதில் வேண்டாத கேள்வி

கல்லூரியின் பின்பக்கம் ஒரு பழைய பங்களா இருந்தது. ஒரு காலத்தில் யாரோ ஒரு துரை குடியிருந்த வீடு. அதில்தான் எங்களுக்கு ஆங்கில வகுப்பு. கூரையில் துருப்பிடித்த கொக்கிகள் தொங்கின. கதவுக்கு மேலே, கயிறு நுழைகிற அளவுக்குச் சுவரில் ஓர் ஓட்டை. அது எதற்கென்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நானும் தங்கையும் ஒரே வகுப்பு. காய்ச்சலில் படுத்து நான் ஒரு வருடத்தைக் கோட்டை விட்டதால் வந்த வினை. அவளுக்கு வகுப்பில் ‘ரேடியோ’ என்று பெயர். வாய் ஓயவே ஓயாது.

அன்று மத்தியானம் கரண்ட் இல்லை. வெயிலுக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். புழுக்கம் உயிரை வாங்கியது. வெள்ளைக்காரர் ஆட்சியில் ஒரு துரை எழுதிய கவிதையை மேடம் நடத்திக்கொண்டிருந்தார். அதில், அறைக்கு வெளியே உட்கார்ந்து, பெருவிரலில் கயிற்றைக் கட்டிக் காலாலேயே கூரையில் தொங்கும் துணி விசிறியை இழுத்த வேலைக்காரன் செத்துப்போகிறான். ‘காற்று ஏன் நின்றது? களைத்துவிட்டாயா?’ என்று துரை உருகுகிறார்.

“இதுக்கு என்ன பேரு?” என்றார் மேடம்.

“ரெட்டாரிக்கல் கொஸ்டின்!” வகுப்பே ராகம் போட்டது. பதில் வேண்டாத கேள்வி. பெயரைச் சொன்னதும் சிறிது நேரம் வாயைத் திறக்கக் கூடாது. அந்த மௌனத்தில்தான் கவிதை இருக்கிறது என்பார் மேடம்.

“எப்படி மேடம் செத்தான்?” என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

“அதத்தான் கவிதை சொல்லல. சொல்லாம விடுறதும் ஒரு உத்திதான். கண் அசந்தா பூட்ஸ் காலால உதைப்பாங்களாம்.”

மேடம் கடைசி வரியை மறுபடி படித்தார். ராகம் போட்டோம். மௌனம்.

ரேடியோவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கைகட்டி நின்று, “இல்லீங்க தொர, இதோ இழுக்குறேன்” என்றாள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

காற்று வந்தது.

நின்றது. மறுபடி வந்தது. அதில் சுருட்டு வாசனை.

பெஞ்சுக்கு அடியில் பார்த்தேன். தங்கையின் வலது கால் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பெருவிரல் விறைத்து நின்றது.

“கால ஆட்டாதடி.”

“நான் ஆட்டலக்கா” என்றாள். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவே இல்லை.

நரம்புக் கோளாறு, தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் ஊசி போட்டார். வீட்டில் படுக்க வைத்தோம். கண்கள் சொருகின. கால் மெதுவானது. நின்றது.

தொம்மென்று ஒரு சத்தம்.

அலறிக்கொண்டு எழுந்தாள். விலாவில் கன்றிப்போயிருந்தது, பூட்ஸின் குதிகால் அளவுக்கு.

“என்னத் தூங்க விடாதக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளை விழித்திருக்க வைப்பதுதான் எனக்கும் அம்மாவுக்கும் வேலை. முகத்தில் தண்ணீர் தெளித்தோம், கிள்ளினோம், கெஞ்சினோம். பெற்ற மகளைக் கிள்ளிவிட்டு அம்மா அடுப்படியில் போய் அழுவாள். எத்தனை நாள் முடியும்? நேற்றுச் சாயங்காலம் கரண்ட் போன நேரத்தில் அவளுக்குத் தலை தொங்கிவிட்டது. எவ்வளவு உலுக்கியும் எழவில்லை. அவள் காலை நானே பிடித்து ஆட்டினேன். என் கையில் அது கல்லாகக் கனத்தது.

சுருட்டு வாசனை வந்தது.

வாசலிலிருந்து பூட்ஸ் சத்தம், கட்டில் வரைக்கும்.

என் காதருகே, ஆங்கிலத்தில், அன்பாக: “களைத்துவிட்டாயா?”

பதில் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்னொரு உதையை அவள் உடம்பு தாங்காது.

“அவள விட்டுடுங்க” என்றேன். “நான் இழுக்குறேன்.”

என் பெருவிரலில் சுருக்கு இறுகியது. என் கால் தானாக ஏறி இறங்கியது. வலித்தது, ஆனாலும் நிம்மதியாக இருந்தது. தங்கையைப் பார்த்தேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் காலும் ஆடிக்கொண்டிருந்தது.

அம்மா கதவைத் திறந்தாள். “அப்பாடா, கரண்ட் வந்துடுச்சா?” என்றாள். “காத்து நல்லா வருதே.”