அம்மாவின் கடிகாரத்தில் ஒரு வளையம் குறைவு

எதைக் கையில் கொடுத்தாலும் திறந்து பார்த்துவிடுவாள் என்பதால், அவளுக்கு வீட்டில் 'நோண்டி' என்றே பெயர் விழுந்துவிட்டது. ரேடியோ, டார்ச் விளக்கு, அப்பாவின் மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தாயிற்று. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்றுதான். அம்மாவின் கைக்கடிகாரம்.

அம்மாவுக்குத் துறைமுகத்தில் வேலை. தண்ணீருக்குள் மூழ்கிப் போய், கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பிகளையும் பாசியையும் சுரண்டி எடுப்பார். முதுகில் காற்று உருளை, கையில் சுரண்டி, மணிக்கட்டில் அந்தக் கடிகாரம். கலங்கிய தண்ணீருக்குள் வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பச்சையாக ஒளிரும் அதன் முட்கள் மட்டும் தெரியும். அதைப் பார்த்துத்தான் காற்று இன்னும் எவ்வளவு நேரத்துக்கு வரும் என்று அம்மா கணக்குப் போடுவார்.

சாதாரணக் கடிகாரமா அது! கூடு முழுவதும் துருப்பிடிக்காத எஃகு. சிலேட்டுக் கனத்துக்குக் கண்ணாடி. பின்பக்க மூடி, ஜாடி மூடியைப் போலத் திருகி இறுக்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து நோண்டி அதை எடுத்தாள். நகத்தால் முயன்றாள். நகம்தான் உடைந்தது. கரண்டிக் காம்பை வைத்துத் திருப்பினாள். சறுக்கியது. பிறகு ரப்பர் பந்தை மூடியின் மேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தித் திருகினாள்.

'கிரிச்!'

மூடி கழன்றே விட்டது!

உள்ளே பொடிப்பொடிச் சக்கரங்கள். ஒன்று ஓட, அது இன்னொன்றைத் தள்ள... நோண்டி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றதும் அவசர அவசரமாக மூடி, பந்தால் இறுக்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். கடிகாரம் ஜோராக ஓடியது. அம்மாவுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

மறுநாள் பள்ளி விடுமுறை. அம்மா துறைமுகத்துக்கும் அப்பா பேருந்து ஓட்டவும் போய்விட்டார்கள். விளையாடலாம் என்று பந்தை எடுத்தபோது, அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்லிய கறுப்பு வளையம். தொட்டால் பிசுபிசுத்தது.

'ரப்பர் பேண்டா? இவ்வளவு சின்னதாகவா?'

அடுத்த நொடி, நேற்று இதே பந்தால்தான் கடிகார மூடியைத் திருகினோம் என்பது நினைவுக்கு வந்தது. வளையத்தை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்கு ஓடினாள்.

அங்கே ஓர் அக்கா கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். எப்போதும் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி இருக்கும். அதனால் அவர் நிமிர்ந்து பார்த்தால் ஒரு கண் மட்டும் முட்டை அளவுக்குத் தெரியும்.

"அக்கா, இது என்னது?"

"பின்மூடி வளையம். தண்ணிக்குள்ள கட்டுற கடிகாரத்துல இருக்கும். ஏன்?"

"இது இல்லாட்டியும் கடிகாரம் ஓடும்தானே?"

"ஓடும், ஓடும். தண்ணி படாத வரைக்கும் நல்லாவே ஓடும்."

"ஆனா கூடு எஃகுதானே? எஃகுல தண்ணி போகாதே?"

"எஃகுக்குள்ள போகாதும்மா. ஆனா எஃகும் எஃகும் சேர்ற இடத்துல, எவ்வளவு இறுக்கினாலும் முடி அளவு சந்து இருக்கும். இந்த ரப்பர் நடுவுல நசுங்கி உட்கார்ந்து அந்தச் சந்தை அடைக்குது. இது இல்லைன்னா அவ்வளவு கனமான கூடும் சல்லடைதான்." அக்கா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இது யாரோட கடிகாரத்துது?"

நோண்டியின் உதடு பிதுங்கியது. "அம்மாவோடது."

அக்கா கடைக் கதவை இழுத்துப் பூட்டினார். "ஏறு வண்டில!"

ஸ்கூட்டர் பறந்தது. பூதக்கண்ணாடியைக் கழற்றக்கூட அக்காவுக்கு நேரமில்லை. வழியில் பார்த்தவர்கள் எல்லாரும் பயந்து ஒதுங்கி நின்றார்கள்.

துறைமுகத்தில் பெரிய நீலக் கப்பல் ஒன்று நின்றது. அதன் பக்கத்தில், கரையை ஒட்டி ஒரு சின்னப் படகு. படகில் கயிற்றுக்கார மாமா உட்கார்ந்திருந்தார். அவர் கையில் இருந்த கயிற்றின் மறுமுனை அம்மாவின் இடுப்பில். ஆனால் அம்மாவைக் காணோம்.

"மாமா! அம்மாவைக் கூப்பிடுங்க!"

"பத்து மணிக்குத்தானே கீழ போனா? என்ன அவசரம்?"

சும்மா என்று சொல்லிவிடலாமா? வயிற்றுவலி என்று சொல்லலாமா? படகில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள். நோண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அம்மா கடிகாரத்தை நேத்து நான் தொறந்துட்டேன்! தண்ணி போகாம தடுக்கிற வளையம் இதோ, என் கையில இருக்கு!"

மாமாவின் முகம் மாறியது. "நான் மேல மணி பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா அவ கப்பலுக்கு அடியில புகுந்து அந்தப் பக்கம் போயிட்டா, திரும்பி வரவே பத்து நிமிஷம் ஆகுமே!"

அவர் கயிற்றை நான்கு முறை சுண்டி இழுத்தார். நான்கு இழுப்பு என்றால் 'உடனே மேலே வா' என்று பொருள்.

பதில் இல்லை.

மறுபடி நான்கு இழுப்பு. நோண்டி மனசுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று... பதினேழு வரை எண்ணியபோது கயிறு துடித்தது. கீழிருந்து நான்கு இழுப்பு!

"வர்றா!" என்றார் மாமா.

முதலில் குமிழிகள் வந்தன. அப்புறம் 'புஸ்ஸ்' என்று அம்மாவின் தலை வந்தது.

"யாருக்கு என்ன ஆச்சு? நீ எங்கடி இங்க?"

"அம்மா... மணி என்ன?"

அம்மா குழப்பத்தோடு மணிக்கட்டைத் திருப்பினார். "பத்து அஞ்சு."

"பத்து இருபத்தஞ்சு" என்றார் மாமா மெதுவாக.

அம்மா கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள். முட்கள் அசையவில்லை.

அம்மா படகில் ஏறி உட்கார்ந்தார். அக்காவும் நோண்டியும் கரையிலிருந்து படகுக்குள் இறங்கினார்கள். நடந்ததை நோண்டி ஒன்றுவிடாமல் சொன்னாள். பந்து, மூடி, வளையம், எல்லாவற்றையும்.

"காத்து நிறைய பாக்கி இருக்குன்னு நெனச்சு, அந்தப் பக்கம் போகத்தான் திரும்பினேன்" என்றார் அம்மா. "அப்பத்தான் கயிறு இழுத்துச்சு."

"என்னைத் திட்டும்மா."

"திட்டத்தான் போறேன். கொஞ்சம் பொறு, மூச்சு வாங்குது."

திட்டுவதற்குப் பதிலாக அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். உடையிலிருந்து கொட்டிய தண்ணீரில் நோண்டி தொப்பலாக நனைந்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. மாமா திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

அக்கா கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார். "இன்னைக்கே பிரிச்சுக் காய வெச்சா பிழைச்சுக்கும். வேற வளையம் போட்டு, தண்ணி அழுத்தத்துல வெச்சுச் சோதிச்சுத் தர்றேன்."

"நானும் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு, நோண்டி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா அவளை முறைத்தார். முறைத்தபடியே சிரித்துவிட்டார். "பாரேன். ஆனா எதைத் தொறந்தாலும் என் கண் முன்னால தொற."

இரவல் கடிகாரம் வேண்டுமா என்று மாமா கேட்டார். அன்றைக்கு வேலை போதும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

அம்மாவும் நோண்டியும் கைகோத்து வீட்டுக்கு நடந்தார்கள். ஈரச் செருப்புகள் 'பச்சக் பச்சக்' என்று சத்தம் போட்டன. தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருவரும் இன்னும் பலமாக மிதித்து நடந்தார்கள்.