நாற்பத்தோராவது சொல்

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். செண்பகவடிவு ஆகிய நான். என் தம்பி தளவாய். அவன் மனைவி ஆவுடை. எங்களுக்குச் சம்பந்தியாகப் போகிறவரான குற்றாலம். அவர் மகன் மருதப்பன். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பன்னிரண்டு பேரை எனக்குத் தெரியும். அவர்கள் இல்லை. சுவரில் விரிப்பான் என்ற கருவி இருந்தது. அதை ஆளாக எண்ணலாமா என்பதை வாசிப்பவர்களுக்கே விடுகிறேன்.

சனிக்கிழமை காலை அது. செவ்வாய்க் கோளின் பொருநைக் குடியிருப்பில் சனிக்கிழமை காலை என்றால் எல்லா வீட்டிலும் ஒன்றுதான் நடக்கும். தலையில் எண்ணெய் வைத்து, ஆளுக்கு இரண்டு லிட்டர் வெந்நீரில் குளித்து, பாசிமாவு ஆப்பம் சுட்டு வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை வரும் சனிச்சொல்லுக்காக உட்காருவோம். பூமியிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று டைட்டனுக்கு வேலைக்குப் போனதும் அவர்களும் எண்ணெய் வைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

சனிக்கோளின் நிலவான டைட்டனில் எங்கள் பிள்ளைகள் அறுபது பேர் வேலை செய்கிறார்கள். அங்கிருந்து வரும் அலைவரிசை முழுவதையும் கருவிகளின் அளவீடுகள் எடுத்துக்கொள்கின்றன. மிச்சம், வீட்டுக்கு வாரம் ஒரு பைட். ஒரு பைட்டில் இருநூற்று ஐம்பத்தாறு எண்களுக்குமேல் அடங்காது. ஆகவே இருநூற்று ஐம்பத்தாறு சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டார்கள். இங்கிலீஷ் வினைச்சொற்களாகப் பார்த்து எடுத்தார்கள். அந்த மொழியின்மேல் யாருக்கும் தனி அன்பு இல்லை. அதில் ஒரு வினைச்சொல் பத்துப் பேர் வேலையைப் பார்க்கும், அவ்வளவுதான். ‘டேக்’ என்றால் எடுக்கலாம், கூட்டிக்கொண்டு போகலாம், மருந்து சாப்பிடலாம், படம் பிடிக்கலாம், பட்ட அவமானத்தைப் பொறுத்துக்கொள்ளவும் செய்யலாம். அப்படிப்பட்ட வேலையாளை யார் விடுவார்கள்?

வந்த ஒற்றைச் சொல்லுக்கு, அனுப்பிய ஆளையும் வாங்கும் வீட்டையும் பார்த்துப் பொருள் சொல்வது விரிப்பானின் வேலை. அதற்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவர்கள் என்று தனியாக யாரும் இல்லை. குடியிருப்பில் நாங்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தானாகக் கற்றது. தளவாயின் ஒரே மகள் உலகம்மை டைட்டன் கப்பல்துறையில் பொறியாளராகப் போன முதல் மாதம் ‘டேக்’ என்று அனுப்பினாள். ‘மருந்து உட்கொள்கிறேன்’ என்று விரித்தது கருவி. ஆவுடை மூன்று நாள் சோறு தின்னவில்லை. ஓராண்டு கழித்துச் சரக்குக் கப்பலில் கடிதம் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பிள்ளை சனியின் வளையத்தைப் படம் எடுத்திருக்கிறாள். படமும் உள்ளே இருந்தது. மங்கல்தான், ஆனாலும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

உலகம்மையை மருதப்பனுக்கு நிச்சயம் செய்திருந்தோம். அவர்கள் இருவரும் பேசி முடித்ததைத்தான் நாங்கள் நிச்சயித்தோம் என்பது உண்மையே. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டுக் கப்பலில் அவள் வந்ததும் கல்யாணம். அதைப் பேசத்தான் குற்றாலம் மகனோடு வந்திருந்தார்.

ஒன்பது மணிக்கு மணியடித்தது. திரையில் 41 என்று விழுந்தது. அதன்கீழ் ‘ரன்’. அதன்கீழ் விரிப்பான் தன் பொருளை எழுதியது: ‘ஓடிப்போகிறேன்.’

ஆப்பச்சட்டி அடுப்பில் இருந்தது. யாரும் அதை இறக்கவில்லை.

குற்றாலம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “என்னக்கா இது? உங்க மிஷினே சொல்லுதே!”

“எங்க மிஷின் இல்ல. ஊர் மிஷின்,” என்றேன்.

“ஓடிப்போறதுக்கு அங்க எங்க எடம் இருக்கு?” என்றான் தளவாய். “கதவத் தொறந்தா மைனஸ் நூத்தியெம்பது.”

“ஆளோட ஓடுததுக்கு எடம் எதுக்குவே?” என்றார் குற்றாலம்.

நான் பட்டியல் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன். மற்றச் சொற்களுக்கு நான்கைந்து வரி. நாற்பத்தோராவது சொல்லுக்கு மட்டும் இரண்டு பக்கம். ஐந்து பேரும் குனிந்து பார்த்தோம். அவரவர் கண்ணுக்கு அவரவர் வரி பட்டது.

“மதினி, மூக்கு ஒழுகுறதுக்கும் இதே சொல்லுதான் போட்டிருக்கு,” என்றாள் ஆவுடை. அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. “சளி பிடிச்சிருக்கும் பிள்ளைக்கு. தலைய என்னைக்கு ஒழுங்கா தொவட்டியிருக்கா அவ?”

“தேர்தல்ல நிக்கதுக்கும் இதான்,” என்றான் தளவாய். “தொழிலாளர் சங்கத்துல நின்னிருப்பா. எம் மவ ஜெயிச்சிருவா.”

மருதப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “கிரிக்கெட்டா இருக்கும் அத்தை. ஒரு ரன் எடுத்திருப்பா.”

“ஒத்த ரன்னு எடுத்ததுக்கா ஒரு வாரச் சொல்லச் செலவழிப்பா?” என்றேன்.

“அவ ஆடுத ஆட்டத்துக்கு ஒத்த ரன்னு பெரிய விஷயம்.”

ஆவுடை சிரித்துவிட்டாள். தளவாய் அந்தத் தைரியத்தில் அடுத்த வரியைச் சத்தமாகப் படித்தான். “இங்க பாருங்க, துணியில சாயம் ஓடுததுக்குக்கூட இந்தச் சொல்லுதான்.”

“ஆமாவே. உங்க வீட்டுச் சாயம் வெளுக்குதுன்னு அர்த்தம்,” என்றார் குற்றாலம்.

அவர் எழுந்து நின்றார். “நான் ஒண்ணு சொல்லுதேன். பன்னெண்டு மணிக்குள்ள உங்க பதில் போகணும்லா? ‘ஸ்டாப்’னு போடுங்க. நிக்கட்டும். நின்னா கல்யாணம். இல்லன்னா நாம சம்பந்தி கெடையாது. ஊருக்குள்ளயும் நானே சொல்லிருவேன்.”

இங்கிருந்து திரும்பப் போவதும் வாரம் ஒரே சொல்தான், எங்கள் வீட்டில் அதை அழுத்துவது நான். மூத்தவள் என்பதால். தளவாய் என் முகத்தைப் பார்த்தான். ஆவுடை தன் முந்தானையைப் பார்த்தாள்.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொருநையில் எங்களுக்கு மடைவீட்டார் என்று பெயர். முதல் கூடாரம் எழுந்த நாளிலிருந்து முந்நூறு வீடுகளுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது எங்கள் குடும்பம். நான் முப்பத்தொரு வருஷம் மடைத்தலைவியாக இருந்தேன். மடையறையின் பலகையில் பொத்தான்கள் இரண்டே. ரன் என்று ஒன்று, ஸ்டாப் என்று ஒன்று. ரன்னை அழுத்தியவர், தண்ணீர் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். என் அப்பா காய்ச்சலோடு நின்றார். நான் என் பல்வலியோடு நின்றேன். ஏழு வயதில் உலகம்மை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மூத்திரம் முட்டியும் நகரவில்லை. ஸ்டாப் பொத்தானை என் காலத்தில் நான் இரண்டு முறைதான் அழுத்தியிருக்கிறேன். இரண்டு முறையும் குழாய் வெடித்திருந்தது. யாரோ சொன்னார்கள் என்பதற்காக ஒருநாளும் அழுத்தியதில்லை.

“குற்றாலம்,” என்றேன். “எங்க வீட்டுப் பிள்ள ஓடாது. வேற ஒருத்தன அவளுக்குப் பிடிச்சிருந்தா, மருதப்பன் மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லிட்டு, நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தையும் தொடைச்சுக் குடுத்துட்டுத்தான் போவா.”

“சரி. அப்ப அந்த ரன்னுக்கு என்னக்கா அர்த்தம்?”

“தெரியாது.”

“அர்த்தம் தெரியாமயா பதில் அனுப்புவீங்க?”

“ஆளத் தெரியும்.”

எழுந்துபோய் அழுத்தினேன். நான்கு, ஒன்று.

“எக்கா!” என்று கத்தினான் தளவாய். “ஓடிப்போறேன்னு சொன்னவளுக்கு ஓடுன்னா பதில் போடுவாங்க?”

அனுப்பும் சொல்லையும் விரித்துக் காட்டுவது விரிப்பானின் வழக்கம். அன்றும் அது கடமை தவறவில்லை. ‘நல்லபடியாக ஓடிப்போ’ என்று திரையில் எழுதியது.

குற்றாலம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று மகனைக் கூப்பிட்டார். மருதப்பன் எழுந்தான். தட்டைப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்தான். “ரெண்டு ஆப்பம் மிச்சமிருக்குப்பா. நீங்க முன்னால போங்க.”

அடுத்த சனிக்கிழமை எங்கள் திரையில் வெறும் கோடு விழுந்தது. அதற்கடுத்த வாரமும் கோடு. பத்து மாதம் கோடுகளாகவே வந்தன. வேறு பல வீடுகளிலும் கோடுதான், அங்கெல்லாம் கருவி பழுது என்றார்கள், ‘ஓடிப்போகிறேன்’ என்று விழுந்த வீடு எங்களுடையது மட்டும். சொல் வராத வீட்டுக்கு ஊரே சொல் கொடுக்கும். உலகம்மை ஒரு ருஷ்யனோடு போய்விட்டாள் என்றார்கள். பிறகு அவன் ஜப்பானியன் ஆனான். நான் தினமும் மாலையில் கடைத்தெரு வழியாக நடப்பவள். அந்தப் பத்து மாதமும் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை நடந்தேன். யாரும் என் முகத்துக்கு எதிரே எதுவும் கேட்கவில்லை. ஆவுடை அந்த நடைக்காகவே என் சேலைகளுக்கு இஸ்திரி போட்டாள்.

மருதப்பன் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் எண்ணெய் வழியும் தலையோடு வந்தான். அவனைத் திட்டிக் கூட்டிப்போவதற்கென்று குற்றாலமும் வருவார். வந்தவர் உட்காருவார். உட்கார்ந்தவருக்கு ஆப்பம் வைக்காமல் இருக்க முடியுமா? மூன்றாவது மாதத்திலிருந்து அவர் தேங்காய்ப்பால் போதவில்லை என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். கல்யாணப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டார்.

பதினோராம் மாதம் டைட்டனிலிருந்து ஒரு பழைய கப்பல் வருகிறது என்று துறைமுகத்தில் அறிவித்தார்கள். காலத்துக்கு முந்திய வருகை. முப்பத்தெட்டுப் பேர் என்று எண்ணிக்கை மட்டும் தெரிந்தது, பெயர்கள் தெரியவில்லை. குடியிருப்பே துறைமுகத்தில் கூடியது. நாங்கள் ஐவரும் போனோம். குற்றாலம் வேறு பக்கம் நின்றுகொண்டார். கூட்டம் தள்ளியதில் எங்கள் பக்கமே வந்து சேர்ந்தார்.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். அழுகையும் சிரிப்புமாக இருந்தது. ஆவுடை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். முப்பத்தேழாவது ஆளும் இறங்கினான். பிறகு யாரும் வரவில்லை.

“ஒண்ணு குறையுது மதினி,” என்றாள். அவள் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்தது. மெல்ல அடங்கியது. அது அடங்கியபின்னும் கால்மணி நேரம் ஆனது, அழுத்தமெல்லாம் இறங்கி மானி பூஜ்யத்துக்கு வர. அதன்பிறகுதான் கதவில் உலகம்மை தெரிந்தாள். இளைத்திருந்தாள். தலை துவட்டப்படவில்லை.

நேராக என்னிடம் வந்தாள். “அத்தை, அங்க வெப்பக்கலன் பாதி அணைஞ்சு போச்சு. முப்பத்தெட்டு பேரு உடனே கெளம்பணும். கப்பல் இருக்கு, ஓட்டுத மாலுமிக்குப் பக்கவாதம் வந்து படுத்துட்டாரு. இன்ஜின் தெரிஞ்சது நான் ஒருத்திதான். ஓட்டுவியான்னு கேட்டாங்க. வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுதேன்னேன். ‘ரன்’னு கேட்டேன். நீங்களும் ‘ரன்’னு போட்டீங்க. கப்பல எடுத்துட்டேன். கப்பல்லேருந்து சனிச்சொல் அனுப்ப முடியாதுன்னு அப்புறந்தான் தெரியும்.”

“ட்ரைவ்னு ஒரு சொல்லு பட்டியல்ல இருக்கேம்மா,” என்றார் குற்றாலம். “அதப் போட்டிருக்கக் கூடாதா?”

“பாத்தேன் மாமா. அதுக்குப் பைத்தியம் பிடிக்க வைக்கதுன்னும் ஒரு அர்த்தம் இருக்கு. நம்ம ஊரு மிஷின் எதப் போடும்னு பயந்துட்டேன். ரன்னுல என்ன குழப்பம்? மடையறைப் பொத்தான்ல தெனமும் பாக்குததுதான?”

முப்பத்தொரு வருஷம் அந்தப் பொத்தானை அழுத்தியவள் நான். அந்தச் சனிக்கிழமை அந்தப் பொருள் எனக்குத் தோன்றவே இல்லை. அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

குற்றாலம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “ஒருவேள வீட்டுலேருந்து ‘ஸ்டாப்’னு வந்திருந்தா?”

“நின்னிருப்பேன் மாமா,” என்றாள் உலகம்மை.

அவளுக்குப் பின்னால் முப்பத்தேழு பேர் தங்கள் வீட்டாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். குற்றாலம் அவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “யக்கா, கல்யாணத்த என்னைக்கு வச்சுக்கிடலாம்?” என்றார்.

மருதப்பன் மெதுவாகக் கேட்டான். “மொத்தம் எவ்வளவு தூரம்?”

“நூத்தியிருவது கோடி கிலோமீட்டர்.”

“ஒத்த ஓட்டமா?”

“ஒத்த ஓட்டம்.”

“நான் அன்னைக்கே சொன்னேன்லா அத்தை,” என்று என் பக்கம் திரும்பினான். “ஒரு ரன்னுதான்னு.”

நான்காம் நாள் துறைமுக மண்டபத்திலேயே கல்யாணம். கப்பலில் வந்த அத்தனை பேரும் தங்களைப் பெண் வீட்டார் என்று சொல்லிக்கொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். படுக்கையில் கிடந்த பழைய மாலுமி, தன் நல்ல கையால் அட்சதை போட்டார். தேங்காய்ப்பால் இந்த முறை போதுமானதாக இருந்தது என்று குற்றாலம் அறிவித்தார். அன்றைக்கு மடைவீட்டார் செலவில் முந்நூறு வீடுகளுக்கும் இரண்டு லிட்டர் தண்ணீர் கூடுதல். ரன் பொத்தானை மணப்பெண் பட்டுச்சேலையோடு வந்து அழுத்தினாள். கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போகும்வரை மாப்பிள்ளையும் மாலையோடு பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

ஊர் இதையெல்லாம் பல மாதம் பேசியது. பேசியதை விரிப்பான் கேட்டுக்கொண்டிருந்தது. போன வாரம் எதிர்வீட்டுக்கு நாற்பத்தொன்று வந்தபோது, ‘நான் பார்த்துக்கொள்கிறேன், பக்கத்திலேயே நிற்பேன்’ என்று விரித்ததாம். உண்மையில் அந்தப் பையனுக்கு மூக்கு ஒழுகியிருக்கலாம். இருந்தாலும் அவன் அம்மா நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

கீழ்க்கூடாரத்தில் இன்னமும் சிலர், மடைவீட்டுப் பெண் உலகம்மை ஓடிப்போனவள் என்று பேசுவதாகக் கேள்விப்படுகிறேன். தவறு. அவள் ஓட்டிவந்தவள்.