உள்ளே: இரண்டு

கதவோரத்துச் சின்னத் திரையில் ‘உள்ளே: 2’ என்றிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏழாவது மாடியில் இருந்ததோ அவள் ஒருத்திதான்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தவர் எழுதிய கணினி நிரல் என்றாலே அவளுக்கு ஓர் இளக்காரம். அதிலும் இந்தக் கதவை ஆட்டிவைக்கும் நிரலை எழுதியவர், அலுவலகமே ‘முடிச்சு’ என்று கூப்பிட்ட ஆசாமி, இப்போது வேலையில் இல்லை. நிபந்தனைக்குள் நிபந்தனை, அதற்குள் இன்னொன்று என்று அவர் எழுதிவைத்திருந்தார். ஒவ்வொரு நிபந்தனையிலும் வழி இரண்டாகப் பிரியும். அப்படிப் பிரியும் வழிகளை எண்ணிச் சொல்லும் கருவி அவருக்கு நூற்றுப் பன்னிரண்டு போட்டிருந்தது. பத்தைத் தாண்டினாலே மேலாளருக்குத் தூக்கம் வராது. கல்யாண நாளை மறந்தாலும் மறப்பார், அந்த எண்ணை மறக்கமாட்டார். குறைத்துத் தா என்று இவள் தலையில் கட்டிவிட்டார். இவளுக்கு அங்கே ‘கத்தரி’ என்று பட்டப்பெயர். கோபித்துக்கொள்வதுபோல் காட்டிக்கொள்வாள், உள்ளுக்குள் ஒரே பெருமை.

விடுமுறைதானே, யார் வரப்போகிறார்கள் என்று, நிபந்தனைகளை வெட்ட வெட்ட அந்த மாடிக் கதவிலேயே நேராக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண் இருபதுக்கு இறங்கியிருந்தது. ஏசியின் முனகல், காலடி விரிப்பிலிருந்து எழும் ஈர வாடை, திறக்கவே முடியாத கண்ணாடிகளில் மழை. கீழே கணவரும் மகளும் காரில் வந்து நின்றதும் பையை எடுத்துக்கொண்டு போய் அடையாள அட்டையைக் கதவில் வைத்தாள். கதவு திறக்கவில்லை. அவசர வழிக் கதவுக்கும் அதே நிரல், அதுவும் அசையவில்லை.

மேசைக்குத் திரும்பி, பையையும் அட்டையையும் வைத்துவிட்டு, காரணத்தைத் தேடிப் பிடித்தாள். அட்டை வைத்து வந்தவர்களைவிட, கூரையிலுள்ள உணரிகள் கூடுதலாக ஆள் காட்டினால் யாருக்கும் திறக்காதே, விளக்கையும் அணைக்காதே என்றது ஒரு நிபந்தனை. சிரிப்புதான் வந்தது. வராமல் எப்படி உள்ளே இருப்பார்கள்? எந்தச் சோதனையிலும் அந்த வரி ஓடியதே இல்லை என்று கருவியும் சொன்னது. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவைப்போமே என்று முடிச்சைப் போனில் கூப்பிட்டாள்.

“திரையில எத்தனை காட்டுது?”

“ரெண்டு சார். உணரி கெட்டுப்போச்சு போல.”



“அந்த நிபந்தனையை மட்டும் எடுத்துடாதீங்கம்மா. பூட்டியே கிடக்கட்டும்.”

“நானும் கூடவே கிடக்கணுமா?”

“விடியிற வரைக்கும்தான். நான் கிடந்திருக்கேன்.”

ஆளுக்கு வேலை போனதன் காரணம் புரிந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டாள். கீழிருந்து ஹாரன் கேட்டது. மகளுக்குப் பசி வந்தால் காரே இரண்டாகிவிடும். அந்த நிபந்தனையை வெட்டினாள். அட்டைக் கணக்கே போதும் என்று உணரிக் கணக்கையும் சேர்த்து வெட்டினாள். எண் ஒன்பது. சோதனை முடிவுகள் எல்லாம் பச்சை. திரையில் ‘உள்ளே: 1’.

பின்வரிசையில் ஒரு நாற்காலி, உட்கார்ந்திருந்தவர் எழுந்துகொண்டால் உயருமே, அதுபோலப் புஸ்ஸென்று மெல்ல உயர்ந்தது.

அவள் திரும்பவில்லை. மழை ஈரத்தில் அவளுடைய செருப்பு காலையிலிருந்து கீச்சிட்டுக்கொண்டிருந்தது. இப்போது அதே கீச்சு. அவள் கால்கள் மேசைக்கடியில் அசையாமல் இருந்தன. கீச்சு கதவுப் பக்கமாகப் போனது. பீப். கதவு திறந்தது. மூடியது.

மேசைமேல் வைத்த பை இல்லை. அட்டை இல்லை.

ஓடினாள். இழுத்தும் கதவு திறக்கவில்லை. திரையில் ‘உள்ளே: 0’.

கதவோடு போராடிப் பார்த்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டாள். எடுத்தவர் வேறு யாரிடமோ பேசினார்.

“ஏம்மா, போனை மேலயே விட்டுட்டியா?” பிறகு இவளிடம், “யாருங்க பேசுறது? என் வீட்டுக்காரி என் பக்கத்துலதான் உக்காந்திருக்கா.”

அவருக்குப் பக்கத்தில் அவளுடைய சிரிப்பு.

“ஏங்க, நான்தாங்க...”

தொடர்பு அறுந்தது. ஆளில்லாத மாடிக்கு நிரல் செய்யவேண்டியதைச் செய்தது. விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்தன. ஏசி நின்றது. ஜன்னல்களின் இரும்புத் திரைகள் இறங்கத் தொடங்கின.

கண்ணாடியை உள்ளங்கைகளால் அறைந்தாள். கீழே கார் கிளம்பியிருந்தது. பின் கண்ணாடியில் மகள். முன் இருக்கைக்கு முதுகைக் காட்டி, இருக்கையில் மண்டியிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, மேலே இவளையே பார்த்தபடி.

இரும்புத் திரை இறங்கியது.