கடைசியாக மாற்றிய பாகம்

தளவாயின் உள்ளங்கையில் சந்தனம் ஈரமாகவே இருந்தது. அந்தக் கையைத்தான் நாடித்தகட்டின் மேல் அழுத்தினான். காவல்மதி ஒரு நீளக் கூவலும் இரண்டு குட்டைக் கூவலும் போட்டுவிட்டு அடங்கிவிட்டது.

"என்னட்டி சத்தம் இது? ஏன் ஓட மாட்டேங்கு?"

மதியைப் பழுது பார்க்கிறவள் வடிவு. அவளுக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. புதிதாகச் சேர்ந்த பாகத்தைப் படிக்க முடியவில்லை என்கிறது மதி. ஏன் முடியவில்லை என்பதும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

கருந்திட்டில் குடிதண்ணீர் என்றால் கடல்நீரை வடிக்கும் இந்த ஆலைதான். ஆலையைச் சுற்றித் துப்பாக்கி பொருத்திய சுடுகோபுரங்கள். அந்தக் கோபுரங்களை ஆட்டி வைப்பது காவல்மதி என்கிற கணினி. யாரும் அதைத் திருடிவிடக் கூடாது என்று, செய்த புண்ணியவான்கள் ஊர்த் தலைவனையே அதற்கு ஒரு பாகமாக்கி வைத்திருந்தார்கள். நாற்காலியின் கைப்பிடியில் ஒரு தகடு. அதில் கை வைத்தால் தோலுக்குள் ஒளி பாய்ச்சி நாடியைப் படித்துக்கொள்ளும். அந்த நாடி துடிக்கிறவரை மதி ஓடும். நின்றால் மதியும் நிற்கும். அப்புறம் எவன் நாடியை முதலில் படிக்கிறதோ, அவன்தான் புதுப் பாகம். பொறியைத் திருட முடியாது, வாஸ்தவம். ஆளை வெட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாமே! அந்த மேதாவிகளுக்கு அது மட்டும் தோன்றவே இல்லை.

தளவாய்க்குத் தோன்றிவிட்டது. காலையில் காபி குடித்துக்கொண்டிருந்த ஊர்த் தலைவரான தன் மச்சான் பெரியநாயகத்தைப் பின்கழுத்தில் வெட்டினான். உடம்பு இன்னும் வாசல்படியில்தான் கிடந்தது. ஆனால் பாருங்கள், கொலைக்குக் கூசாதவன் சம்பிரதாயத்தை விடவில்லை. நாற்காலியில் உட்காருகிறவன் வலது உள்ளங்கை நிறையச் சந்தனமும் குங்குமமும் அப்பிக்கொள்வது கருந்திட்டு வழக்கம். பெரியநாயகம் உட்கார்ந்த நாளில் சந்தனம் வைத்து, கை கழுவி, விருந்தெல்லாம் முடிந்த பிறகுதான் தகட்டைத் தொட்டார். இவனுக்குக் கை கழுவப் பொறுமை இல்லை. சந்தனப் பூச்சுக்குள் ஒளி எப்படிப் போகும்?

சேலைத் தலைப்பால் ஒரு துடை துடைத்தால் போதும், மதி எழுந்துவிடும். எழுந்தால்? சன்னல் வழியாகக் கிழக்குத்தெருச் சனம் குடத்தோடும் கடப்பாரையோடும் வெளிவாசலை இடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தளவாயின் மேற்குத்தெரு ஆட்கள் குழாயை அடைத்ததில் அங்கே பச்சைப்பிள்ளைகள்கூடச் செத்துவிட்டன. கூட்டத்துக்கு முன்னால் நிற்கிறவன் இசக்கி, வடிவின் கூடப்பிறந்த அண்ணன். சுடுகோபுரம் முழித்தால் ஒரு உசிரு மிஞ்சாது. வாசல் உடையும்வரை இந்தச் சனியன் எழுந்திருக்கவே கூடாது.

"புதுப் பாகம் போட்டா சில சமயம் இப்படித்தான் மொரண்டு பிடிக்கும். ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாக்கணும்" என்று சொல்லி மதியின் பெட்டியைத் திறந்தாள்.

மின்வடத்தை உருவிச் செருகினாள். நினைவுத்தகடுகளைக் கழற்றி, தொடுமுனைகளை ரப்பரால் தேய்த்து, ஒவ்வொன்றாக மாட்டினாள். ஒவ்வொரு தடவையும் தளவாய் சந்தனக்கையை அழுத்த, அதே நீளம், அதே குட்டை. வெளியே வாசல் கிறீச்சிட்டது. தளவாய் எழுந்துவந்து துப்பாக்கிக் கட்டையால் அவள் வாயில் ஓங்கி அடித்தான். இரண்டு பல் தரையில் விழுந்தது.

"வெளையாடுதியாட்டி? இன்னும் ஒரு தடவ கூவிச்சின்னா ஒன் மண்டையச் செதற வச்சிருவேன்!"

அவன் போய் மறுபடி நாற்காலியில் உட்கார, வடிவு ரத்தத்தைத் துப்பினாள். பயத்தில் வாயில் வந்தது, தொழிலில் சேர்ந்த அன்றைக்கே படித்த முதல் பாடம்தான்.

"நல்லா ஓடிட்டு இருந்தது, ஒண்ண மாத்தினதும் நின்னுபோச்சுன்னா, கடைசியா மாத்தினதைத்தான் கழட்டிப் பாக்கணும். அதான் ரூல்."

"கடைசியா மாத்துனது எதுக்கா?" என்று கேட்டான் தளவாயின் வலதுகை கொம்பையா.

வடிவின் கண் மட்டும் தன்னையறியாமல் நாற்காலிப் பக்கம் போனது.

வெளியே நிற்கும் கிழக்குத்தெருச் சனம் உள்ளே வந்தால் கொம்பையாவைக் கண்டதுண்டமாக்கிவிடும். குழாயை அடைத்த கை அவனுடையது. தளவாய் திரும்பி, "என்னல பாக்க?" என்றான். கொம்பையா அவன் நெற்றியில் சுட்டான். சுவரெல்லாம் தெறித்தது.

அய்யோ! வடிவு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவள் கொல்லச் சொல்லவில்லை. நேரத்தைத்தான் கடத்தப் பார்த்தாள். ஆனால் கொம்பையா பிணத்தைக் காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்து, வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துக் கை நிறையச் சந்தனத்தைப் பூசியபோது, அவளுக்குள் ஏதோ ஒன்று கல்லாகிவிட்டது. பூசட்டும். நல்லா பூசட்டும்.

நீளம் ஒன்று. குட்டை இரண்டு.

"என்னக்கா இது?" கொம்பையாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

இந்தத் தடவை வடிவு தெரிந்தேதான் சொன்னாள். கதவோரம் அரிவாளோடு நின்ற தளவாயின் இன்னொரு ஆள் சுடலையின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "இதுவும் சேரல. நான் என்ன செய்ய? கடைசியா மாத்தினதைக் கழட்டணும்."

சுடலை யோசிக்கவே இல்லை. முதல் வெட்டு தோளில் விழுந்தது. கொம்பையா சந்தனக்கையால் தடுத்தான். விரல்கள் போயின. மூன்றாவது வெட்டில் சத்தம் நின்றது. சுடலை மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியைப் பார்த்தான், வடிவைப் பார்த்தான். உட்காரத் துணிச்சல் வரவில்லை. அதற்குள் வெளிவாசல் பெயர்ந்து விழுந்தது.

கிழக்குத்தெரு உள்ளே புகுந்தது. எதிர்ப்பட்டவனையெல்லாம் கடப்பாரையால் குத்திக்கொண்டே வந்தார்கள். சுடலை அரிவாளை எறிந்துவிட்டு மண்டி போட்டான். "நான்தாம்யா கொம்பையாவ வெட்டினேன்!" என்று அலறியதால் தப்பித்தான். இசக்கி தங்கையைக் கட்டிக்கொண்டு, கிழிந்த உதட்டைப் பார்த்துக் குழந்தை மாதிரி அழுதான். வடிவுக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பாடா, முடிந்துவிட்டது. இனி குழாயைத் திறப்பார்கள். பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும்.

"மதி ஓடுமா வடிவு?"

"எதுக்குண்ணே? தண்ணிக்கு அது வேண்டாம். மோட்டார் தனி."

"தண்ணி கெடக்கட்டும்." நாற்காலியில் கிடந்த விரல்களைத் தட்டிவிட்டு இசக்கி உட்கார்ந்தான். "மேற்குத்தெருக்காரன் ஒருத்தன் பாக்கியில்லாம இன்னைக்கே தீத்துக்கட்டணும். பொம்பள, புள்ள, ஒண்ணு விடக் கூடாது."

வடிவு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுப் பேச்சு இல்லை. அவன் வலது கை தகட்டை நோக்கிப் போனது.

"சந்தனம் வச்சிக்கிடுண்ணே," என்றாள் அவசரமாக. "நாற்காலியில ஒக்காந்துட்டுச் சம்பிரதாயத்த விடலாமா?" அவளே கிண்ணத்தை எடுத்தாள், அவளே அண்ணன் கையில் குழைத்துப் பூசினாள். கூட்டம் குலவையிட்டது.

நீளம் ஒன்று. குட்டை இரண்டு.

"ஓடல போலிருக்கு. போகட்டும், விடுண்ணே" என்று வடிவு சொல்லி முடிப்பதற்குள் வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. மேற்குத்தெருக்காரர்கள் லாரி லாரியாக வந்துகொண்டிருந்தார்கள். உடைந்த வாசலில் தடுப்பதற்கு ஒன்றுமில்லை. கூட்டத்தைக் கலக்கம் பிடித்தது.

மண்டியிட்டிருந்த சுடலை தலையைத் தூக்கினான். உயிர்ப்பிச்சைக்கு ஏதாவது உபகாரம் செய்யத் துடித்தான், பாவி.

"அதுக்கு ஒரு ரூல் இருக்குய்யா. கடைசியா மாத்துனதக் கழட்டணும். அந்தக்காதான் சொல்லிச்சு. அப்படித்தான் ரெண்டு பேரக் கழட்டினோம்."

வாசல் சண்டையில் பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு நாற்காலியருகில் நின்ற கிழக்குத்தெரு மாடசாமி, கையிலிருந்த அரிவாளைப் பார்த்தான். பிறகு இசக்கியின் கழுத்தைப் பார்த்தான். லாரிகள் நெருங்கின. யாரோ ஒருவன், "சீக்கிரம்யா!" என்றான்.

"இல்ல, இல்ல! ரூல் அது இல்ல!" வடிவு கத்தினாள். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. மாடசாமியின் கை மேலே ஏறிவிட்டது.

வடிவு பாய்ந்தாள். அண்ணன் கையைப் பிடித்து, சேலைத் தலைப்பால் சந்தனத்தை அழுந்தத் துடைத்தாள். தகட்டையும் துடைத்தாள். அவன் கையைத் தன் கையாலேயே தகட்டில் வைத்து அழுத்தினாள்.

ஒரே ஒரு குட்டைக் கூவல். எல்லாம் சரி என்று அர்த்தம்.

மாடசாமி அரிவாளை இறக்கினான். சனம் ஆர்ப்பரித்தது. இசக்கி தன் உள்ளங்கையைப் பார்த்தான், தங்கையின் தலைப்பில் ஒட்டிய சந்தனத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

சுடுகோபுரங்கள் மேற்கே திரும்பின. லாரிகளைத் தாண்டி, மேற்குத்தெரு வீடுகளுக்கு வெளியே பெண்கள் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.